பாதி அமுக்கு

பாதி அமுக்கினால் பச்சைக் கட்டம் வர வேண்டும். வரவில்லை. மறுபடி பாதி அமுக்கினேன், வரவில்லை. முப்பத்தோரு வருஷமாக என் ஆள்காட்டி விரலுக்குத் தெரிந்த ஒரே வித்தை இதுதான், ஷட்டர் பட்டனைப் பாதி அமுக்கி நிறுத்துவது, நிறுத்தினால் கேமரா எதிரில் இருக்கிற முகத்தைத் தேடிப் பிடித்துப் பச்சையாக ஒரு கட்டம் போட்டு இந்தா பூட்டிவிட்டேன் என்று சொல்லும், அப்புறம் முழுசாக அமுக்கினால் படம், சின்னப் பிள்ளைக்குச் சொன்னால்கூடப் புரிந்துவிடும். இப்போது வியூஃபைண்டரில் கண்ணை வைத்தால் மஞ்சளும் சிவப்புமாகக் கரைந்துபோய் ஏதோ ஒன்று தெரிகிறது, சாம்பாரில் விழுந்த லட்டு மாதிரி. அதுதான் என் மகள் கௌசிகா. அவளைத் தாரை வார்த்து முழுசாக இரண்டு நிமிஷம் ஆகவில்லை. என் மனைவி இந்திராணி செம்பிலிருந்து ஊற்றிய தண்ணீர் என் கையிலிருந்து கௌசி கைக்கும் அவள் கையிலிருந்து மாப்பிள்ளை பிரேம்நாத் கைக்கும் போய்த் தாம்பாளத்தில் விழுந்தது, ஐயர், "பொண்ணுக்கு அப்பா வேலை முடிஞ்சுது, இனி நீங்க அக்கடான்னு உக்காரலாம்" என்றார். யார் உட்கார்ந்தது? பட்டு வேட்டியிலேயே கையைத் துடைத்துக்கொண்டு, மணவறைத் தூணில் மாட்டி வைத்திருந்த கேமராவை எடுத்துக் கழுத்தில் போட்டு, பெண் பக்கமாக ஒரு முழங்காலை ஊன்றிக் குந்திவிட்டேன். தாலித் தட்டு இப்போதுதான் மேடையை விட்டு இறங்கியிருக்கிறது. தேங்காய் மேல் தாலியைச் சுற்றி வைத்து மாப்பிள்ளையின் அக்கா ஷர்மிளா வரிசை வரிசையாகக் கொண்டுபோகிறாள், எல்லோரும் தொட்டுக் கும்பிட வேண்டும், தட்டு திரும்பி மேலே வந்ததும் கெட்டிமேளம். அருப்புக்கோட்டையில் இந்த மண்டபத்தில் இருபது வரிசை. இருபது வரிசைக்கு நாலு நிமிஷம், வயசானவர்கள் அதிகமாக வந்திருந்தால் ஐந்து. என் கணக்கு தப்பியதே இல்லை. தொழில் கூட்டாளி அந்தோணியிடம் போன மாசமே சொல்லிவிட்டேன், கல்யாணம் பூராவும் நீ எடு, தாலி கட்டுகிற குளோசப் மட்டும் என்னுடையது என்று. "உங்க பொண்ணுண்ணே, அந்த ஃப்ரேம்ல நான் குறுக்கவே வர மாட்டேன்" என்று அவனும் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னான். சொன்னபடியே மண்டபத்துக்கு நடுவில் ஏணி போட்டு அதன் உச்சியில் நிற்கிறான், மேடை முழுக்க ஒரே படத்தில் வருகிற மாதிரி. ஆக, பக்கத்திலிருந்து எடுக்க நான் மட்டும்தான் இருக்கிறேன்.

ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேன். அதே லட்டு. சரி, லென்ஸின் வளையத்தைக் கையால் திருப்பிப் பிடித்துவிடலாம், அந்தக் காலத்தில் பிலிமில் அப்படித்தானே எடுத்தோம், திருப்பினால் முகம் தெளியவில்லை, படம் வெளுத்துக்கொண்டே போகிறது, இந்தப் பக்கம் திருப்பினால் வெளுக்கிறது, அந்தப் பக்கம் திருப்பினால் இருட்டுகிறது. வளையத்தையும் மாற்றி வைத்திருக்கிறாள். யார்? வேறு யார், இதோ எனக்கு ஒன்றரை முழத்தில் மணையில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறாளே, அந்த மகராசிதான். நேற்று மத்தியானம் உட்கார்ந்து இந்தக் கேமராவின் பட்டன் அத்தனையையும் இடம் மாற்றி வைத்தாள். எட்டு மாசமாக நான் பாதி அமுக்கி எடுத்துக்கொண்டிருந்த கேமரா. பின்பக்கம் பதினொரு பட்டன் இருக்கிறது, எண்ணிவிட்டேன், அதுபோக ஒரு சக்கரம், ஒரு குட்டிக் குச்சி. ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தேன். ஒன்று கட்டம் கட்டமாகக் கோடு போட்டது. ஒன்று நேற்று யாரோ எடுத்த பூச்சரத்தைக் காட்டியது. மூன்றாவதை அமுக்கியதும் சிவப்பு எழுத்தில் ஏதோ கேட்டது, ஆம் இல்லை என்று இரண்டு பெட்டி, என்ன கேட்கிறதென்று படிக்கலாமென்றால் வாசிக்கிற கண்ணாடி இல்லை. என்றைக்கும் சட்டைப் பையில் இருக்கும். இன்றைக்குப் பட்டுச் சட்டை, இந்திராணி தைக்கக் கொடுத்தது, பை வைக்கவில்லை, பை வைத்தால் அதில் பேட்டரியைத் திணித்துக்கொண்டு திரிவேனாம். கார்டில் இருக்கிற அத்தனையையும் அழிக்கட்டுமா என்று கேட்கிறதோ? நேற்றுக் காலையில் அவளைக் குளிப்பாட்டி மாலை போட்டதெல்லாம் அதில் இருக்கிறது. சட்டென்று ஆஃப் பண்ணிவிட்டேன். அதற்கப்புறம் பின்பக்கத்தில் விரல் வைக்கவே பயமாக இருக்கிறது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அப்படி என்று யாராவது சொல்லலாம், சொல்லட்டும், ஆனால் முப்பத்தோரு வருஷம் ஆடியவன் நான், கூடம்தான் கோணல், ராத்திரியோடு ராத்திரியாக யாரோ சுவரைத் தள்ளி வைத்த மாதிரி. இதில் மூக்கு வேறு. நான் இடது கண்ணால் பார்க்கிறவன், என் மூக்கு நேரே பின்பக்கத் திரையில் போய் இடிக்கிறது, தொடுதிரை, மூக்கு பட்ட இடத்துக்கு போக்கஸ் கட்டம் நகர்ந்துவிடும், எட்டு மாசம் மூக்கோடு சண்டை போட்டேன். அதை நிறுத்தி வைப்பதாக கௌசி சொன்னது ஞாபகம் இருக்கிறது. இப்போது மூக்கு இடிக்கிறது, எதுவும் நகரவில்லை. அப்படியானால் அதைச் சரி பண்ணிவிட்டாள். மற்றதை என்ன பண்ணினாள்?

சொன்னாள். அதுதான் கொடுமை. பத்து நிமிஷம் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள், நானும் ம் ம் என்று தலையாட்டினேன். மாடி அறை, சன்னலில் வெயில், இரண்டு கையிலும் மருதாணி, வலது கை காய்ந்துவிட்டது, இடது கை இன்னும் ஈரம், அதை விறைப்பாகத் தூக்கி வைத்துக்கொண்டு வலது கை விரலால் ஒவ்வொரு பட்டனாக அமுக்கி அமுக்கிக் காட்டினாள், காய்ந்த மருதாணி பொடிந்து பட்டன் இடுக்கில் விழ, நான் வாயால் ஊதி ஊதி எடுத்துக்கொண்டிருந்தேன். கீழே பந்தல்காரர்கள் இரும்பை அடிக்கிற சத்தம். பால்காரர் வந்து நாற்பது லிட்டரை எங்கே இறக்குவது என்று கத்துகிறார். அவள் வகிட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வடு, மூன்று வயசில் ஸ்டுடியோ முக்காலியைப் பிடித்து இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டது, அந்த வடுவையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவும் ஞாபகம் இருக்கிறது, இரும்புச் சத்தம், பால், வடு, மருதாணி வாசனை, அவள் உதடு அசைவது, எல்லாம் இருக்கிறது, வார்த்தை இல்லை. வீடியோவில் சத்தத்தை மட்டும் அணைத்துவிட்ட மாதிரி ஓடுகிறது. முதல் வரி மட்டும் கேட்கிறது. "இனிமே நான் பக்கத்துல இருக்க மாட்டேன்ல, அதுக்காகத்தான்ப்பா இத மாத்தி வைக்கிறேன்." அவ்வளவுதான், அதற்கப்புறம் அவள் சொன்ன எதுவும் என் காதுக்குள் போகவில்லை. பக்கத்தில் இருக்க மாட்டேன். ஜாம்ஷெட்பூர். ரயிலில் இரண்டு ராத்திரி. மாப்பிள்ளைக்கு அங்கே இரும்பு ஆலையில் வேலை, நல்ல பையன், என்னை மாமா என்று கூப்பிட ஆரம்பித்து ஒரு மாசம்தான் ஆகிறது, அதற்குள் இரண்டு தடவை போன் பண்ணிச் சாப்பிட்டீர்களா என்று கேட்டிருக்கிறான், குறை சொல்ல ஒன்றும் இல்லை, குறை சொல்ல ஒன்றும் இல்லாததே எரிச்சலாக இருக்கிறது. நடுவில் ஒரு தரம், "அப்பா, கேக்குறீங்களா?" என்றாள். "கேக்குறேன் பாப்பா" என்றேன். இன்னொன்றும் ஞாபகம் வருகிறது, "இந்த டயல மட்டும் திருப்பிறாதீங்க, நான் வச்சதெல்லாம் போயிரும்." ஆக எதைச் செய்யக் கூடாது என்பது தெரிகிறது, எதைச் செய்ய வேண்டும் என்பது தெரியவில்லை. தட்டு மூன்றாவது வரிசையில் நிற்கிறது, யாரோ ஒரு பெரியவர் எழுந்திருக்க முடியாமல் எழுந்து தொடுகிறார், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும் ஐயா, இன்னும் மெதுவாக எழுந்திருங்கள்.

மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. அவளாகச் செய்தாள், ஏன் செய்தாள் என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும், இந்திராணிக்குத் தெரியாது. ஆள்காட்டி விரல் நடுங்குகிறது. ஒரு வருஷமாக. பல நேரம் பாதி அமுக்கி நிறுத்த முடியவில்லை, நிறுத்துகிற இடத்தில் விரல் ஒரு உதறு உதறி முழுசாக அமுங்கிவிடுகிறது, கேமரா முகத்தைப் பிடிப்பதற்கு முன்னாலேயே படம் விழுந்துவிடுகிறது. பரமக்குடியில் ஒரு கல்யாணத்தில் முதலில் அது நடந்தது, மாலை மாற்றுகிற படம் பன்னிரண்டும் ஆடிப்போய் வந்திருந்தது, நான் கம்ப்யூட்டரில் பார்ப்பதற்கு முன்னால் கௌசி அந்தப் பன்னிரண்டையும் அழித்துவிட்டுத் தான் எடுத்ததை அந்த இடத்தில் வைத்துவிட்டாள். எனக்குத் தெரியாதா? என் படம் எது, அவள் படம் எது என்று எனக்குத் தெரியாதா? அவள் எப்போதும் கொஞ்சம் கீழே இறங்கி எடுப்பாள், நான் நின்று எடுப்பேன். ஆல்பம் வந்தபோது பார்ட்டி, "தவமணி அண்ணாச்சி கை கைதான்" என்றார், நானும் சிரித்துக்கொண்டே கும்பிடு போட்டேன். மூன்று வருஷமாக என்னோடு இரண்டாவது கேமரா பிடித்துக்கொண்டிருந்தவள் அன்றிலிருந்து முதல் கேமரா ஆனாள், ஆனால் பேர் எனக்கு. அதைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. டாக்டரிடம் போகவில்லை. போனால் பேர் வைப்பார். பேர் வைத்துவிட்டால் அது நம் வீட்டுப் பிள்ளை ஆகிவிடும், அப்புறம் துரத்த முடியாது. இன்றைக்கு இந்த ஒரு படத்தை நான் எடுத்துவிட்டால், அவள் கண்ணுக்கு முன்னால், அவள் உதவி இல்லாமல் எடுத்துவிட்டால், அவள் ரயிலில் நிம்மதியாக ஏறுவாள், அப்பா சமாளித்துக்கொள்வார் என்று. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். எடுக்க முடியாவிட்டால் அவள் அங்கே போய் உட்கார்ந்துகொண்டு, அப்பா இன்றைக்கு எந்தக் கல்யாணத்தில் யாரிடம் திட்டு வாங்குகிறாரோ என்று யோசித்துக்கொண்டிருப்பாள். அவள் அப்படிப்பட்டவள். வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்பார்கள், இங்கே அப்பன் மக்காகி உட்கார்ந்திருக்கிறான். விரல் இப்போது நடுங்குகிறதா? நடுங்குகிறது. நடுங்காவிட்டாலும் பிரயோசனமில்லை, இந்தப் பட்டன் இப்போது பாதி அமுக்கினால் ஒன்றும் செய்யாத பட்டன்.

"ஏங்க." இந்திராணி. பின்னாலிருந்து தோளைத் தட்டுகிறாள். "எந்திரிச்சு எம்பக்கத்துல வந்து நில்லுங்க. சம்பந்தி வீட்டுக்காரங்க எல்லாம் பாக்குறாக. பொண்ணப் பெத்தவர் மாதிரியா இருக்கு, போட்டோ எடுக்க வந்த ஆள் மாதிரி குந்திக்கிட்டு." "ஒரே ஒரு படம் இந்திராணி, தாலி மட்டும்." "இன்னைக்கு ஒரு நாளாச்சும் அதத் தொட மாட்டேன்னு சாமி முன்னாடி சொன்னீங்களா இல்லையா?" சொன்னேன். தாரை வார்க்கிற வரைக்கும் தொட மாட்டேன் என்று மனசுக்குள் சேர்த்துக்கொண்டேன், அது சாமிக்குக் கேட்டிருக்கும். "வேர்த்து ஊத்துது பாருங்க உங்களுக்கு" என்று முந்தானையால் என் நெற்றியைத் துடைத்துவிட்டு நகர்ந்துபோனாள், கோபம்தான், ஆனால் துடைத்துவிட்டுத்தான் போனாள். இவளிடம் கண்ணாடியை எடுத்து வரச் சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை. இப்போது கூப்பிட்டால் மணமகள் அறைக்குப் போய் நாலு பையைக் கிளறி வருவதற்குள் பேரப்பிள்ளைக்குக் காது குத்தே வந்துவிடும். தட்டு ஒன்பதாவது வரிசை. பொண்ணைப் பெத்தவர். எத்தனை பெண்ணைப் பெற்றவர்களை நான் மேடையில் தள்ளியிருக்கிறேன், சார் கொஞ்சம் தள்ளிக்கங்க, சார் ஃப்ரேம்ல விழுறீங்க, ஐயா நீங்க அப்புறம் வாங்க. விருதுநகரில் ஒருத்தர், ஒல்லியாக, சட்டைக் காலரில் மஞ்சள் கறை, தாலி கட்டுகிற நேரத்தில் மகள் முகத்தைப் பார்க்கக் குனிந்தார், நான் தோளைப் பிடித்தே நகர்த்திவிட்டேன். ஒதுங்கிப்போய் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் நின்றார். படம் பிரமாதமாக வந்தது. அந்தப் படத்தைப் பெரிதாக்கி ஸ்டுடியோ வாசலில் ஆறு வருஷம் மாட்டி வைத்திருந்தேன். அவர் பார்த்தாரா, இல்லையா? ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னாலிருந்து என்ன தெரிந்திருக்கும்? இதை ஏன் இப்போது நினைக்கிறேன், பட்டனை நினைக்க வேண்டிய நேரத்தில். அதைவிட மோசம், நிறுத்துவது. மாப்பிள்ளை தாலியைக் கழுத்துக்குக் கொண்டுபோகும்போது, "சார் அப்படியே ஒரு செகண்ட், இங்க பாருங்க, ஸ்மைல்" என்று நிறுத்துவேன், மேளம் முழங்கிக்கொண்டிருக்கும், ஐயர் முறைப்பார், நல்ல நேரம் போகுதுப்பா என்பார், மாப்பிள்ளை தாலியைக் கையில் ஏந்திக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிப்பான். மேடையில் நான் சொல்வதுதான் சட்டம். எத்தனையோ தாலியை அந்தரத்தில் நிறுத்தியவன் நான். இன்றைக்கு என் மகள் தாலியை நிறுத்த எனக்கு வாய் வராது. அபசகுனம். மற்றவர்கள் தாலியை நிறுத்தியபோது மட்டும் அது அபசகுனமாகத் தெரியவில்லை.

அந்தோணியைப் பார்த்துக் கையை ஆட்டினேன். ஏணியிலிருந்து அவனும் கையை ஆட்டினான், கட்டைவிரலை உயர்த்தி, அண்ணே சூப்பர் என்கிற மாதிரி. வா என்று ஜாடை காட்டினேன். அவன் கேமராவைக் காட்டித் தன் நெஞ்சைத் தொட்டு, கவலைப்படாதீங்க மேடை முழுசா வர்ற வைட் நான் பார்த்துக்கிறேன் என்று ஜாடை காட்டினான். சத்தியத்தைக் காப்பாற்றுகிறவனோடு கூட்டு வைத்தால் இதுதான் கதி. தட்டு பதினைந்தைத் தாண்டிவிட்டது, கடைசி வரிசைகளில் பிள்ளைகள்தான், ஓடிப் பிடித்து விளையாடுகிறார்கள், அங்கே நேரம் ஆகாது. கேட்டுவிட வேண்டியதுதான். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன், இந்த உலகத்தில் இந்தக் கேமராவில் எந்தப் பட்டன் போக்கஸ் என்று தெரிந்த ஒரே ஆள் ஒன்றரை முழத்தில் உட்கார்ந்திருக்கிறாள், பாப்பா எந்தப் பட்டன் என்றால் முடிந்தது. அவள் கேமராவைக் கையில்கூட வாங்க வேண்டாம், ஒரு வார்த்தை போதும். கேட்டால் அவளுக்குத் தெரிந்துவிடும், நேற்று அவள் சொன்ன எதையும் நான் கேட்கவில்லை என்று. தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகிறது. முழங்காலால் நகர்ந்து அவள் காதுப் பக்கம் குனிந்தேன். மல்லிகை, மஞ்சள், ஓமப் புகை. "பாப்பா" என்றேன். அடுத்த வார்த்தை வருவதற்குள் தொண்டை அடைத்துக்கொண்டது, புகையா, வேறெதுவா, சனியன், அந்த நேரம் பார்த்து. அவள் மெதுவாகத் திரும்பினாள். நெற்றிச்சுட்டிக்குக் கீழே கண் ஏற்கெனவே நிரம்பி இருந்தது. "அப்பா, ப்ளீஸ். நீங்க அழுதா நானும் அழுதுருவேன்." "இல்ல பாப்பா, நான் வந்து…" "அடிக்கடி வருவேன்ப்பா. தீபாவளிக்கு வந்துருவேன். அழாதீங்கப்பா." மை கரைந்து ஒரு கோடு இறங்கிவிட்டது. மாப்பிள்ளை பதறிப்போய்க் கைக்குட்டையை நீட்டுகிறான். ஐயர், "போதும் போதும், முகூர்த்த நேரத்துல கண்ண கசக்கப்படாது" என்கிறார். மேடைக்குக் கீழே இருக்கிற பெண்கள் எல்லோரும் அப்பாவையும் மகளையும் பார்த்து உச்சுக்கொட்டுகிறார்கள், அந்தோணியின் கேமரா ஏணியிலிருந்து சடசடவென்று வெடிக்கிறது, அவனுக்கு ஆல்பத்துக்கு முதல் பக்கம் கிடைத்துவிட்டது. பட்டன் என்கிற வார்த்தை என் நாக்கில் இருக்கிறது. இந்த முகத்தைப் பார்த்து எப்படிக் கேட்பது, நான் அழவில்லையம்மா, போக்கஸ் எங்கே என்று கேட்க வந்தேன் என்று எந்தத் தகப்பன் சொல்வான்? அவள் தலையைத் தடவிவிட்டு, முழங்காலால் பின்னால் நகர்ந்து பழைய இடத்துக்கே வந்து குந்தினேன். வந்த பிறகு எனக்கும் கண் நிறைந்துவிட்டது, நிஜமாகவே, இனி லட்டுகூடச் சரியாகத் தெரியாது.

தட்டு மேடை ஏறிவிட்டது. ஷர்மிளா அதை ஐயரிடம் கொடுத்துவிட்டுப் பெண்ணுக்குப் பின்னால் போய் நிற்கிறாள், மூன்றாவது முடிச்சு அவளுடையது, நாத்தனார் முடிச்சு. முதல் இரண்டு மாப்பிள்ளை. மூன்று முடிச்சு, மூன்று வாய்ப்பு, என் கணக்கில் பத்து வினாடி. ஐயர் விரலைத் தூக்கி "கெட்டிமேளம் கெட்டிமேளம்" என்று கத்தியதும் தவில் பிளந்துகொண்டு எழுந்தது, அட்சதை மழை மாதிரி விழுகிறது, என் முதுகில், கேமராவில், அவள் தலையில். எடு, எப்படியாவது எடு, முழுசாக அமுக்கினேன், படம் விழுகிறது, பார்க்காமலே தெரிகிறது, லட்டு, லட்டு, லட்டு. மாப்பிள்ளையின் கை அவள் கழுத்துக்குப் பின்னால் போகிறது. முதல் முடிச்சு. நேற்று என்ன சொன்னாள், இனிமே நான் பக்கத்துல இருக்க மாட்டேன்ல, அதற்கப்புறம், அதற்கப்புறம் என்ன, இரும்பை அடிக்கிறார்கள், நாற்பது லிட்டர் பாலை எங்கே இறக்குவது, அட சும்மா இருங்களேன் ஐயா, பிள்ளை ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறாள். இரண்டாவது முடிச்சு. மாப்பிள்ளை கையை எடுத்துக்கொண்டான். ஷர்மிளா குனிந்து கயிற்றின் நுனியைப் பிடிக்கிறாள், நுனியைச் சுற்றுகிறாள், இழுக்கப்போகிறாள், என் வாய் தானாகத் திறந்தது, என் வாய்தான், ஆனால் அது பெண்ணைப் பெற்றவனின் வாய் இல்லை, "மேடம்! அப்படியே ஒரு செகண்ட்! கைய எடுக்காதீங்க!" முப்பத்தோரு வருஷ மேடைக் குரல், தவிலையும் மீறிக்கொண்டு போயிற்று. ஷர்மிளா அப்படியே நின்றுவிட்டாள். முடிச்சு பாதியில். ஐயர் திரும்பிப் பார்க்கிறார். சம்பந்தி அம்மா நெஞ்சில் கை வைக்கிறார். எனக்குப் பின்னால் இந்திராணி, "ஐயோ, என்னங்க!" என்றது தவில் சத்தத்திலும் கேட்டது. மகள் தாலியை நிறுத்திவிட்டேன். என்ன காரியம் பண்ணினேன். கௌசி தலையை நிமிர்த்தினாள். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் ஆள்காட்டி விரலைப் பார்த்தாள். அது ஷட்டர் மேல் பாதியில் நின்று உதறிக்கொண்டிருந்தது. ஒரே பார்வையில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது, நான் எதற்குக் காதில் வந்து கூப்பிட்டேன் என்பதும் சேர்த்து, ஏனென்றால் அழுத முகத்தோடு ஒரு சிரிப்புச் சிரித்தாள். மாலைக்கு நடுவிலிருந்து வலது கையை எடுத்து என்னை நோக்கி நீட்டினாள், லென்ஸுக்கு அரை முழம் முன்னால் வரைக்கும், நீட்டிக் கட்டைவிரலை மட்டும் மடக்கி அமுக்கிக் காட்டினாள். ஒரு தரம். இன்னொரு தரம். என் கட்டைவிரல் பின்பக்கத்தில் எப்போதும் சும்மா கிடக்கிற இடத்திலேயே ஒரு பட்டன் இருந்தது. அமுக்கினேன். பச்சைக் கட்டம். வந்துவிட்டது, வந்துவிட்டது, கட்டைவிரலை எடுத்துவிட்டு ஆள்காட்டி விரலால் விடாமல் அமுக்கித் தள்ளினேன், பொரிந்து தள்ளுகிறது கேமரா, "ஓகே மேடம், தேங்க்ஸ்!" என்றேன், ஷர்மிளா மூன்றாவது முடிச்சை இழுத்தாள், அட்சதை, தவில், கௌசியின் கை மடிக்குப் போய்விட்டது, நான் அமுக்கிக்கொண்டே இருந்தேன்.

மேளம் இறங்கியதும் திரையில் பார்த்தேன், இதற்குக் கண்ணாடி வேண்டியதில்லை. பச்சைக் கட்டம் வந்தபின் எடுத்த முதல் படத்தில் அவள் கை. மருதாணியின் ஒவ்வொரு கோடும், கட்டைவிரல் நகத்தில் ஒட்டியிருந்த ஒரு மஞ்சள் அரிசியும், வளையலில் விழுந்த வெளிச்சமும், அப்படி ஒரு துல்லியத்தை நான் என் ஆயுசில் எடுத்ததில்லை. கைக்குப் பின்னால் ஒரு மஞ்சள் கலங்கல், அவள் முகமாக இருக்க வேண்டும். அடுத்த படத்தில் கை இறங்குகிறது. அதற்கடுத்ததில் கை இல்லை. அப்புறம் முப்பத்தெட்டு படம், தாலி, மூன்றாவது முடிச்சு, குங்குமம், என் மகள் குனிந்து சிரிப்பது, மாப்பிள்ளை அவளைத் திரும்பிப் பார்ப்பது, எல்லாம் கலங்கல். ஒவ்வொரு படத்திலும் என் கண் துல்லியமான இடத்தைத் தேடியது, எங்காவது ஒரு இடம் இருந்தாக வேண்டும், பூட்டிய கேமரா எங்காவது பூட்டித்தானே இருக்கும். இருந்தது. அவளுக்கும் எனக்கும் நடுவில், வெறும் காற்றில், ஓமப் புகையின் ஒரு இழை மட்டும் நூல் நூலாகத் தெளிந்து நின்றது. கை இருந்த இடம். கேமரா அங்கேயே நின்றுவிட்டது. இப்போது வருகிறது, நேற்று மத்தியானம் சொன்னது இப்போது வருகிறது, இரும்புச் சத்தம் இல்லாமல், பால்காரர் இல்லாமல், பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிற மாதிரி. "கட்டைவிரல எடுக்கவே கூடாதுப்பா, அமுக்கிக்கிட்டே இருக்கணும். எடுத்துட்டீங்கன்னா கடைசியா எதப் புடிச்சிருந்துச்சோ அங்கயே நின்னுக்கும். நான் நகந்து போயிருப்பேன், அது நகராது." புரிஞ்சுதாப்பா என்றுகூடக் கேட்டாள். புரிஞ்சுது பாப்பா என்று நான் சொல்லியிருக்கிறேன்.

"ஏங்க, நல்லா வந்துருச்சா? சம்பந்தி அம்மாகிட்ட நான் போய் என்னத்தச் சொல்ல? தாலிய நிறுத்திப்புட்டீங்களே" என்று இந்திராணி தோளை உலுக்குகிறாள், பாதி திட்டும் பாதி அழுகையுமாக. திரையை அணைத்தேன். மணவறையைச் சுற்றி வருகிறார்கள். மாப்பிள்ளையின் சுண்டு விரலை கௌசியின் சுண்டு விரல் பிடித்திருக்கிறது, அவன் அங்கவஸ்திரமும் இவள் முந்தானையும் முடிச்சுப் போட்டிருக்கிறது, முன்னால் அவன், பின்னால் இவள். என்னைத் தாண்டும்போது நடையைக் குறைத்தாள், மாப்பிள்ளையும் நின்றான். புருவத்தை உயர்த்தி, வாயை மட்டும் அசைத்து, "வந்துச்சாப்பா?" என்றாள். தட்டு சுற்றி வந்த அந்த நாலு நிமிஷத்தில் தேடித் தேடிக் கிடைக்காத வார்த்தையெல்லாம் எங்கே போயிற்றோ, இது மட்டும் உடனே வந்தது. "பிரமாதமா வந்துருச்சு பாப்பா" என்றேன். அவள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது, விரலைப் பிடித்து இழுத்த மாப்பிள்ளையின் பின்னால் நிம்மதியாக நடந்தாள்.